மூன்றாம் எட்வர்டின் முள்கரண்டி

சேஷாத்ரி இந்த வருடத்தோடு ஜெர்மனியை விட்டுச் சென்னைக்குப் போகிறார். எழுபத்தெட்டாம் வருட மலரில் அவரைப் பற்றி ஒரு வாழ்க்கைக் குறிப்பு வேண்டும் என்று தமிழ் மன்றத்துப் பாலச்சந்திரன் என்னிடம் வந்து நின்றார். "கொலோன்ல அவரை ரொம்ப நாளாத் தெரிஞ்சவங்க நீங்கதான் கனகவல்லி. நல்லதா நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். நல்லதாக என்றால் நாலு வரிதான் தேறும். மிச்சப் பக்கங்களுக்கு நடந்ததைத்தான் எழுத வேண்டும். மலரில் போடுவதும் போடாததும் பாலச்சந்திரன் பாடு.

நாலு வரியை முதலில் முடித்துவிடுகிறேன். சேஷாத்ரி குடிக்க மாட்டார். சொன்ன நேரத்துக்கு வருவார். சட்டை எப்போதும் இஸ்திரி கலையாமல் இருக்கும். யார் எந்த வருடத்தைத் தப்பாகச் சொன்னாலும் உடனே திருத்துவார். கடைசி வரி நல்லதில் சேருமா என்று எனக்கே சந்தேகம்தான்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதிப் போட்டார், யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஜெர்மன் உதவித்தொகை கிடைத்தது. இங்கிலாந்து ராஜாக்களைப் படிக்க அறுபத்திரண்டில் கொலோனுக்கு வந்து சேர்ந்தார். தாலி ஒரு வீட்டில், தாம்பூலம் ஒரு வீட்டில் என்பது போன்ற ஏற்பாடு. ஆராய்ச்சி, மூன்றாம் எட்வர்டின் அரண்மனைச் சமையலறை பற்றி. கிறிஸ்துமஸ் விருந்துக்கு எத்தனை வாத்து வந்தது, பன்றியை யார் அறுத்தார், மீதியை யார் வீட்டுக்குக் கொண்டுபோனார் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முட்டையைக்கூடத் தொடாத ஐயங்கார், அறுநூறு வருடத்துக்கு முன்னால் யாரோ தின்ற மாமிசத்துக்கு அத்தாரிட்டி. தன் வீட்டுச் சாத்தமுதில், அதுதான் ரசத்தில், உப்பு இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் மட்டும் தெரியாது.

நான் அறுபத்தைந்தில் சாய வேதியியல் படிக்க வந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் தமிழ் முகம் ஒன்றைப் பார்த்த சந்தோஷத்தில் எதிரே போய் உட்கார்ந்தேன். பெயர் கேட்டேன், ஊர் கேட்டேன். அவர் என் தட்டைப் பார்த்து, "மிஸ் கனகவல்லி, பொட்டேட்டோ யூரோப்புக்கு எப்போ வந்ததுன்னு தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அடுத்த அரை மணி நேரத்தில் தெரிந்துகொண்டேன். சந்தோஷம் அன்றோடு சரி.

டெலிவிஷனில் ராஜா ராணி நாடகங்கள் பெருகிய காலம் அது. ஆங்கிலேய ராஜாக்கள் என்றால் ஜெர்மன்காரர்களுக்கு ஒரு தனி ஆசை. சொந்த ராஜாவைப் பற்றிப் படம் எடுத்தால் சண்டை வரும், அடுத்த வீட்டு ராஜாவைப் பற்றி எடுத்தால் யாருக்கும் வலிக்காது. சேஷாத்ரியின் வீட்டுக்கார அம்மாள் ஃபிராவ் கெர்பர் கூடத்தில் ஒரு பெட்டி வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் சேஷாத்ரி அங்கே போய் உட்காருவார். நானும் சில தடவை போயிருக்கிறேன்.

நாடகங்கள் குப்பை, அதை மறுக்கவில்லை. ராணியின் கண்ணிமையில் நீலச் சாயம் (அந்தச் சாயம் எந்த வருடம் எந்த ஆலையில் பிறந்தது என்று என்னால் சொல்ல முடியும்). கதவைச் சாத்தினால் கோட்டைச் சுவர் ஆடும். ராஜகுமாரி திரும்பும்போது முதுகில் ஜிப் பளபளக்கும். விருந்து என்று வந்துவிட்டால் ராஜா கோழிக்காலைப் பிய்த்து, முகமெல்லாம் நெய் வழியத் தின்று, எலும்பைப் பின்னால் இருக்கும் நாய்க்கு வீசுவார். பழங்காலம் என்றால் அசிங்கமாகத் தின்ற காலம் என்று இவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சேஷாத்ரி ஒவ்வொன்றையும் உரக்கத் திருத்துவார். கதை என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள ஃபிராவ் கெர்பர் மறுநாள் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

அறுபத்தெட்டில் ஊருக்குப் போய் வைதேகியைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தார். ஸ்ரீரங்கத்துப் பெண். சிரித்த முகம். வந்த முதல் வாரத்திலேயே வீட்டில் ஒரு சட்டம் வந்தது. கையால் சாப்பிடக் கூடாது. எதிர்வீட்டு ஜன்னல் அவர்கள் சாப்பாட்டு மேஜையைப் பார்த்தபடி இருந்ததுதான் காரணம். சாத்தமுது சாதத்தை முள்கரண்டியால் தின்ன வேண்டும் என்று ஒரு மனிதன் பெண்டாட்டியிடம் சொன்னால், அவனைத் திட்ட எனக்குத் தமிழில் வார்த்தை போதாது.

"எதிராத்துக் கிழவி பார்த்தா பார்க்கட்டுமே. திரைச்சீலையைப் போட்டுண்டா போறது" என்றாள் வைதேகி.

"திரைச்சீலையைப் போட்டா என்ன பண்றான்னு இன்னும் யோசிப்பா. நீ பேசாம ஃபோர்க்கால சாப்பிடு. எல்லாம் பழக்கம்தான்."

முள்கரண்டியோடு ஜெர்மன் பாடமும் நடந்தது. அந்த பாஷையில் உயிரில்லாத சாமானுக்கும் ஆண், பெண் உண்டு. கரண்டி ஆண், அதற்கு முன்னால் 'டெர்'. முள்கரண்டி பெண், அதற்கு 'டீ'. கத்தி இரண்டும் இல்லை, அதற்கு 'டாஸ்'. மூன்றும் ஒரே டிராயரில் கிடக்கின்றன. வைதேகிக்கு இது சுத்தமாகப் பிடிபடவில்லை. "ஆறறிவு இல்லாததெல்லாம் அஃறிணைதானே கனகா? எல்லாத்துக்கும் டாஸ் போட்டுட்டா வம்பே இல்லை" என்று அவளே ஒரு இலக்கணம் வைத்துக்கொண்டாள். டாஸ் கரண்டி, டாஸ் முள்கரண்டி, டாஸ் டிராம், டாஸ் சூரியன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்தவள் செய்யக்கூடிய தப்பு அது. எனக்கு அது நியாயமாகவே பட்டது. சேஷாத்ரி விருந்தாளிகள் முன்னால் அவளைப் பேசச் சொல்வார், அவள் டாஸ் போட்டதும் சிரிப்பார். "இவளுக்கு ஜெர்மன் பாஷையே அஃறிணை" என்பார். இதே வேடிக்கையை அவர் வருடக்கணக்கில் சொன்னார். வைதேகி விருந்தாளிகள் முன்னால் ஜெர்மன் பேசுவதையே விட்டுவிட்டாள்.

எழுபத்தொன்றில் அவர் தலையில் ஒரு கிரீடம் வந்து உட்கார்ந்தது. வுப்பர்டாலில் ஒரு பழைய நெசவு ஆலைக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, ஒரு படக் கம்பெனி மூன்றாம் எட்வர்ட் பற்றித் தொடர் எடுக்க ஆரம்பித்தது. விருந்துக் காட்சிகள் நிறைய. சமையலறை பற்றிக் கேட்க ஆள் தேடியபோது சேஷாத்ரியின் பெயர் அகப்பட்டது. வரலாற்று ஆலோசகர் என்று திரையில் பெயர் வரும் என்றார்கள். ஆளைப் பிடிக்க முடியவில்லை.

பெயர் வருவது வெறும் பெருமைக்கு மட்டும் இல்லை. ஆறு வருடமாக அவருடைய தற்காலிக வேலையை வருடத்துக்கு வருடம் நீட்டித்து நீட்டித்து அவரைத் தொங்கவிட்டிருந்தார் பேராசிரியர் ஹார்ட்மன். துறையில் நிரந்தர வேலை ஒன்று காலியாகப் போகிறது, தொடர் நன்றாக வந்தால் மற்றப் பேராசிரியர்களிடம் காட்டிப் பேச வசதியாக இருக்கும் என்று சொல்லியிருந்தார். ஆகவே அந்தத் தொடரில் ஒரு பிசகு வரக் கூடாது. சேஷாத்ரியின் பிழைப்பே அதில் இருந்தது.

விருந்துக் காட்சி எடுத்த சனிக்கிழமை வைதேகியும் நானும் கூடப் போனோம். ஊருக்கு நடுவே ஆற்றின் மேல் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போகும் வுப்பர்டால் ரயிலை அவள் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தாள், ஏறினாள், இறங்க மனசில்லாமல் இறங்கினாள்.

கொட்டகைக்குள் முப்பதடி மேஜை. சேஷாத்ரி அதன் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தார். உருளைக்கிழங்கை எடுக்கச் சொன்னார். தக்காளியை எடுக்கச் சொன்னார். வான்கோழியைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் கொலம்பஸுக்குப் பிறகு வந்தவை. சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் உர்சுலா என்ற பெண் முகம் கோணாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் போனாள். திரும்பி வரும்போது எங்கள் இருவருக்கும் தேநீர் கொண்டுவந்தாள். வைதேகியின் புடவைக் கரையைத் தொட்டுப் பார்த்து அதன் பெயரைக் கேட்டு, இரண்டு தடவை சொல்லிப் பழகிக்கொண்டாள்.

பிறகு இயக்குநர் ப்ரூக்னர் கேட்டார். "சரி டாக்டர், ராஜா எப்படிச் சாப்பிட்டார்?"

"கையால்" என்றார் சேஷாத்ரி. "வலது கையின் மூன்று விரல்களால். நுனி விரல் மட்டும். சாப்பிடுமுன் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கை கழுவுவார்கள், துண்டு கொடுப்பார்கள். விரலை நக்கக் கூடாது. எலும்பை வீசக் கூடாது."

எங்கள் வீட்டுப் பந்தியில் குழந்தைகளுக்குச் சொல்லும் அதே விதிகள். வைதேகி என் தொடையைக் கிள்ளினாள். அவளுக்கு அத்தனையும் புரிந்திருந்தது.

ராஜா வேஷக்காரர் மூன்று விரலால் முயன்றார். சிகரெட் பிடித்தே பழகிய விரல்கள், ரொட்டித் துண்டு நழுவி மடியில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ப்ரூக்னர் சேஷாத்ரியைப் பார்த்தார். "நீங்கள் செய்து காட்டுங்களேன். உங்கள் நாட்டில் இப்படித்தானே சாப்பிடுகிறீர்கள்?"

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. சேஷாத்ரியின் காது சிவந்துவிட்டது. விளக்குக்காரர்கள், மேக்கப்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவர் சும்மா நிற்பதைப் பார்த்துவிட்டு ப்ரூக்னர் வைதேகி பக்கம் திரும்பினார். "அல்லது உங்கள் மனைவி?"

வைதேகியின் முகத்தை நான் பார்த்தேன். மூன்று வருடத்தில் அந்த நாட்டில் அவளுக்குத் தெரிந்த ஒன்றை யாரோ அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். உர்சுலா செம்பையும் துண்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சேஷாத்ரி குறுக்கே வந்து அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "பட்டிக்காட்டுக் கூத்தெல்லாம் இங்க வேண்டாம்" என்று தமிழில் சொன்னார். பிறகு ப்ரூக்னரிடம் திரும்பி ஜெர்மனில் பேசினார். "நான் சொன்னது சாதாரணப் பிரபுக்கள் சாப்பிட்டது. ராஜாவின் மேஜையில் முள்கரண்டி உண்டு. வெள்ளி. இரண்டு பல்."

எனக்கு அது பொய் என்று தெரியும், ஏனென்றால் இதே விஷயத்தை அவரே எனக்கு நூறு தடவை சொல்லி அறுத்திருக்கிறார். அந்தக் கால அரண்மனைகளில் ஒன்றிரண்டு முள்கரண்டி இருந்தது உண்மைதான். பாகில் ஊறிய பழத்தைக் குத்தி எடுக்க. மாமிசத்தை அதால் தின்ற ராஜா எவனும் இல்லை. உருளைக்கிழங்கை விரட்டிவிட்டு அந்த இடத்தில் முள்கரண்டியை வைத்தார் இந்தத் துல்லியப் புலி. உர்சுலா மட்டும் சந்தேகமாக, "நிச்சயமா டாக்டர்? நான் படித்ததில் அப்படி இல்லையே" என்று கேட்டாள். "நான்தான் ஆலோசகர்" என்றார். அவள் செம்பையும் துண்டையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

வைதேகி அடுத்த திங்கட்கிழமை மாலை நேரப் பள்ளியில் ஜெர்மன் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கவில்லை. இனிமேல் பாடம் அவரிடம் இல்லை என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் முதல் பகுதி ஒளிபரப்பான அன்று பேராசிரியர் ஹார்ட்மன் அவர்கள் இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார், வைதேகி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். துறையின் மற்ற இரண்டு பேராசிரியர்களும் இருந்தார்கள். வேலையைப் பற்றி முடிவு செய்யப்போவது அந்த மூன்று பேர்தான். சேஷாத்ரி புது சூட் போட்டிருந்தார். ஃபிராவ் ஹார்ட்மன் எங்களுக்காக முட்டைகோஸ் வைத்துச் சைவமாக ஏதோ சுட்டிருந்தார். அது எந்த ஊர்ப் பலகாரம் என்று கடைசிவரை தெரியவில்லை. முள்கரண்டியால் சாப்பிட்டு முடித்தோம், பெட்டியின் முன்னால் உட்கார்ந்தோம்.

விருந்துக் காட்சி வந்தது. உருளைக்கிழங்கு இல்லை, தக்காளி இல்லை. பேராசிரியர்கள் தலையாட்டினார்கள். சேஷாத்ரி டையைச் சரிசெய்துகொண்டார். மூன்றாம் எட்வர்ட் வெள்ளி முள்கரண்டியை எடுத்து மான் இறைச்சியில் குத்தி வாய்க்குக் கொண்டுபோனார். கேமரா அதைப் பெரிதாகக் காட்டியது.

"முள்கரண்டியா?" என்றார் ஹார்ட்மன். மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். "டாக்டர், உங்கள் புத்தகத்திலேயே இதற்கு எதிராக ஒரு அத்தியாயம் இருக்கிறதே."

"நான் சொன்னேன், அவர்கள் கேட்கவில்லை" என்றார் சேஷாத்ரி, கண் இமைக்காமல். "சாமான் எடுத்து வைக்கும் பெண் ஒருத்தி. அரைகுறை. நான் கவனிக்காத சமயத்தில் அவள்தான் வைத்துவிட்டாள்."

"அப்படியா? கம்பெனி முதலாளியை எனக்குத் தெரியும். நாளைக்கே கூப்பிட்டுச் சொல்கிறேன். இப்படிப்பட்டவர்களை வேலையில் வைத்துக்கொண்டால் உங்கள் பெயர் அல்லவா கெடுகிறது" என்றார் ஹார்ட்மன்.

"சொன்னால் நல்லதுதான்" என்றார் சேஷாத்ரி.

நான் வாயைத் திறப்பதற்குள் வைதேகி பேசினாள். தமிழில், அவரைப் பார்த்து. "ஏன்னா, அந்த முள்கரண்டியை வெக்கச் சொன்னது நீங்கதானே? அந்தப் பொண்ணு அப்படி இல்லைன்னுதானே சொன்னா?"

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?" என்று ஹார்ட்மன் கேட்டார்.

"சாப்பாடு மிகவும் நன்றாக இருந்தது என்கிறாள்" என்றார் சேஷாத்ரி.

ஃபிராவ் ஹார்ட்மன் புன்னகை செய்தார். வைதேகி செய்யவில்லை. தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நைன்" என்றாள். "டீ காபல் இஸ்ட் ஃபோன் மைனெம் மான்."

இல்லை, முள்கரண்டி என் வீட்டுக்காரர் கொடுத்தது. அவ்வளவுதான் அதற்குப் பொருள், 'மைனெம்' என்றால் 'என்'. அதைத் தப்பாகப் புரிந்துகொள்ள அந்த அறையில் யாராலும் முடியவில்லை. ஹார்ட்மன் என்னைப் பார்த்தார். "நானும் அங்கே இருந்தேன். அவள் சொல்வதுதான் நடந்தது" என்றேன். பெட்டியில் தொடர் முடிந்து எழுத்துகள் ஓடின. 'வரலாற்று ஆலோசனை: டாக்டர் சேஷாத்ரி' என்று பெரிதாக வந்தது. அதை யாரும் வாசித்துச் சொல்லவில்லை.

வேலை ஹம் என்ற ஊர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று. மடத்து மீன்குளங்களைப் பற்றி எழுதியவர், அவரும் ஒரு அறுவைதான், ஆனால் மீன்களைப் பற்றிப் பொய் சொன்னதாகத் தகவல் இல்லை. உர்சுலாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. சேஷாத்ரி மாலை நேரப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து இத்தனை வருடத்தை ஓட்டினார். டெலிவிஷன்காரர்கள் சரித்திரத்தைக் கொல்கிறார்கள் என்று மன்றக் கூட்டங்களில் இன்னும் பேசுகிறார், அதைக் கேட்டுக் கை தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பாலச்சந்திரன் அதில் ஒருவர்.

அன்று திரும்பி வரும்போது டிராமில் நான் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். சேஷாத்ரி டையைக் கழற்றி வெகுநேரம் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பத்து வருஷம் நாயா உழைச்சேன். ஒரே வாக்கியத்துல முடிச்சுட்டே" என்றார்.

வைதேகி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு திரும்பினாள். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஏன்னா, டீ காபல்னு சொன்னேனே, அது சரிதானே? டாஸ் இல்லையே?"

 டிராம் நின்றது, ஆட்கள் ஏறினார்கள், மறுபடி கிளம்பியது. தப்பு என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வாய் வரைக்கும் வந்தது எனக்குத் தெரிந்தது.

"டீதான்" என்றார் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு. "மைனெமும் சரி."